கைப்பிடி இல்லாத தொட்டி

கடுகு வடிவமைப்பாளராக வேலை பார்த்த நிறுவனத்தில் குளியல் தொட்டி செய்தார்கள். வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் யார் துணையும் இல்லாமல் குளிப்பதற்காகப் பக்கவாட்டில் கதவு வைத்த தொட்டி. உள்ளே நடந்து போய், இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீரைத் திறக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, அங்கே ஒருவர்கூட அதில் குளித்துப் பார்த்ததில்லை.

குளிக்கவும் முடியாது. சோதனை அறையில் முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய கம்பளம் சுவருக்குச் சுவர் கிடந்தது. தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று கதவிலேயே பலகை மாட்டியிருந்தார்கள். ஆகவே எல்லாமே காய்ந்த சோதனைதான். விடுமுறை நாளெல்லாம் பந்து விளையாடும் விற்பனைப் பிரிவுக்காரன் ஒருவன் சட்டை கசங்காமல் ஏறுவான், உட்காருவான், துள்ளி எழுந்து "சூப்பர்" என்பான். கரையில் நின்று கை வீசிவிட்டு நீச்சல் வந்துவிட்டது என்பதைப் போல.

கடுகு இதைச் சொல்லாத நாளில்லை. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாயை மூடிக்கொண்டு பிழைக்கத் தெரிந்த பரம்பரை அவளோடு முடிந்தது. ஆள் சிறுத்தாலும் காரம் போகாது என்று அந்தப் பெயரை வைத்தவள் அத்தை, அப்பாவின் அக்கா.

அந்த அத்தைக்காகத்தான் கடுகு இவ்வளவு கத்தினாள். விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து அத்தையின் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவளைக் குளிப்பாட்டுவது கடுகின் அம்மா. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் வாய் கிழியச் சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளியவர்கள் இருவரும். இப்போது ஒருத்தி துணியில்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியில், இன்னொருத்தி கையில் குவளையோடு. குளியலறையில் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

"உங்கம்மா நல்லவதான்டி," என்றாள் அத்தை ஒருநாள். "அதுதான் கஷ்டமா இருக்கு. திட்டிக்கிட்டே குளிப்பாட்டினா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டுவேன். இவ பாவம் பாத்துக் குளிப்பாட்டுறா."

அன்றைக்கே கடுகு தொட்டியின் வரைபடத்தில் இரண்டு கைப்பிடி வரைந்தாள். கதவோரம் ஒன்று, இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. அத்தையின் வலது கைக்கு எட்டும் உயரம். தண்ணீர் சட்டென்று இறங்க அகலமான வடிகாலும் போட்டாள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது. அதுவரை நனைந்த உடம்போடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால்.

பிறகு அழகு ஆலோசகர் வந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார், கண்ணை மூடினார், ஆஸ்பத்திரி வாடை வருகிறது என்றார். கைப்பிடி போயிற்று. வடிகால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்றார். அது சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிற்று. தொட்டிக்கு 'இளமை' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்.

கடுகு நேராக முதலாளியிடம் போனாள். தலைமுடிக்கு மை, மீசைக்கு மை, மூட்டுவலியை மறைக்க எப்போதும் மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர்.

"நம்ம தொட்டியைப் பாத்தா யாருக்கும் வயசு ஞாபகம் வரக் கூடாதும்மா," என்றார் அவர்.

"வயசானவங்களுக்குத்தானே சார் செய்யுறோம்?"

"செய்யலாம். சொல்லக் கூடாது."

முதல் தொட்டி அவள் அத்தைக்குத்தான் என்று பெரிய மனதோடு வாக்களித்தார். கைப்பிடி இல்லாமல் அத்தையால் எழுந்திருக்கவே முடியாதே என்று கேட்டதற்கு, உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தால் போதும் என்றார்.

வேலையை விடப்போகிறேன் என்று கடுகு வீட்டில் வந்து குதித்தாள். அத்தை மசியவில்லை. "எதிரிக்குச் சகுனத்தடை பண்ண உன் மூக்கை அறுத்துக்கப் போறியா? நீ வெளிய வந்துட்டா எனக்குக் கம்பியை யாரு வைப்பா?"

அதுவும் சரிதான். கைப்பிடிக்கு என்று போட்டிருந்த திருகு ஓட்டைகளை அடைக்காமல், வெள்ளை மூடி போட்டு மறைத்தாள். தொட்டி வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு கைப்பிடியையும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அறிமுக விழாவில் முதல்முறையாகத் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. நரைத்த டோப்பா வைத்த இளம் நடிகை ஒருத்தி முதியவளாக உட்கார ஏற்பாடு. டோப்பா வாடகைக்கு எடுத்தது, நனைக்க மாட்டேன் என்று கடைசி நேரத்தில் அவள் கையை விரித்துவிட்டாள். கூட்டத்துக்கு முன்னால் மானம் போகக் கூடாதே. முதலாளி தானே இறங்குவதாகச் சொல்லி, அரைக்கால் சட்டையோடு உள்ளே போய் உட்கார்ந்தார். வெதுவெதுப்பான தண்ணீர் மார்புவரை ஏறியது. காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு இளமையைப் பற்றி அருமையாகப் பேசினார். கைதட்டினார்கள்.

பேச்சு முடிந்தது. தண்ணீர் முடியவில்லை. சுண்டுவிரல் ஓட்டை வழியே சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பேசியதையே மறுபடி பேசினார். அரங்கத்தின் ஏசி அதன் வேலையைச் செய்தது. உதடு நீலமாயிற்று, மீசை மை கோடாக வழிந்தது. ஆலோசகர் கூரையின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முதலாளி விளிம்பில் கையை ஊன்றினார். வழவழவென்று ஆலோசகர் மெருகேற்றிய விளிம்பு, கை வழுக்கியது. மறுபடி ஊன்றினார், மறுபடி வழுக்கி உட்கார்ந்தார். மூட்டு கைவிட்டுவிட்டது. பந்து விளையாடுகிறவன் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஈர உடம்பு விலாங்கு மீனாக நழுவியது. பார்வையாளர்கள் மரியாதையாகச் செல்போனைப் பார்த்தார்கள்.

"ஏதாவது பண்ணும்மா," என்றார் முதலாளி, கடுகைத் தேடிப் பிடித்து.

கடுகு பையைத் திறந்தாள். வெள்ளை மூடிகளைப் பிடுங்கினாள், மண்டியிட்டுத் திருகத் தொடங்கினாள். நிதானமாகவே திருகினாள். குளிர் அவளுக்கில்லையே. கடைசித் திருகுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதுக்கு மட்டுமா சார், எல்லாத் தொட்டிக்குமா?"

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். பல்லோடு பல் தட்டியது. "எல்லாத்துக்கும்."

"வடிகால்?"

"அதுவும்தான். சீக்கிரம்."

"சரி சார். மைக் ஆன்லதான் இருக்கு, எல்லாரும் கேட்டுட்டாங்க."

கைப்பிடியைப் பற்றி அவர் எழுந்து நின்றபோது முன்னைவிடப் பலத்த கைதட்டல். எல்லாம் ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விளம்பரம் அப்படித்தான் வந்தது. தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்து முதலாளி கண்டுபிடித்த கைப்பிடி. அதற்குத் 'தோழமை வளைவு' என்று பெயர் வைத்தவர் ஆலோசகர். கடுகின் பெயர் மருந்துக்கும் இல்லை. கம்பளமும் போகவில்லை.

வடிகாலை அகலமாக்கித் தொட்டி வீட்டுக்கு வந்த அன்று கடுகு இதையெல்லாம் கொதித்துக் கொட்டினாள். அத்தை பாதியில், "தள்ளு, குளிக்கணும்," என்று ஊன்றுகோலோடு குளியலறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பழக்க தோஷத்தில் அம்மா குவளையோடு வெளியே நின்றாள். தண்ணீர் விழும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கடுகு கதவில் காது வைத்தாள்.

"இந்தச் சோப்பை எவ வாங்கினா?" அத்தையின் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டது. "உடம்பு தேய்க்கவா, பாத்திரம் கழுவவா?"

அம்மா குவளையைக் கீழே வைத்தாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வெளிய வாங்க அண்ணி, பேசிக்கலாம்."

"வரும்போது வருவேன். நீ போய் அடுப்பைப் பாரு."

அம்மா போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, எவ்வளவோ நாளாகப் பேச வேண்டியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள்.