புண்ணில் இட்ட உப்பு

1

இந்தக் கதை ஓர் உப்பிலிருந்து பிறந்தது. சாமி ஊர்வலத்தில் தூக்கிப்போகும் காஸ் லைட்டின் மேண்டிலை, அந்த வலைத்துணிப் பையை, எதில் நனைத்துச் செய்கிறார்கள் என்று தேடியபோது கண்ணில் பட்டது: சீரியம் நைட்ரேட். அருமண் எனப்படும் அரிய உலோக வகையின் உப்பு. நிறமில்லாத படிகம். காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கசிந்துவிடும். தீயருகே வைத்தால் தீயை வளர்க்கும். மேண்டிலின் துணி எரிந்து போனபின் நிற்கும் வெளிச்சத்தில் இதற்கும் பங்குண்டு. அதே பக்கத்தில் இன்னொரு வரி: தீக்காயக் களிம்பிலும் இதைச் சேர்க்கிறார்கள்.

தீயை வளர்ப்பதே தீப்பட்டவரையும் காக்கிறது. கடவுளின் கருணையை எழுத வேறென்ன வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

2

சந்தியா கோயிலில் நெய்விளக்கு ஏற்றக் குனிந்தபோது துப்பட்டா

(வேண்டாம். சந்நிதியில் தீப்பிடிக்க வைக்க எனக்குக் கை வரவில்லை.)

சந்தியா சமையலறையில் காஸ் அடுப்பை

(இதுவும் வேண்டாம். என் மன நிம்மதிக்காக இடத்தை மாற்றுவது நியாயமில்லை. விளக்குதான்.)

துப்பட்டா பாலியஸ்டர். பட்டு எளிதில் பற்றாது. பற்றினாலும் தானே அணையப் பார்க்கும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சந்தியாவின் அம்மா ரேணுகாம்பாள் சாயப்பட்டறையில் நாளெல்லாம் பட்டைத் தொடுகிறவள்.

3

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். களிம்பு பூசியவன் கிறிஸ்டோபர், செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஆண் நர்ஸ்.

"இன்னா தம்பி பூசிக்கினு இருக்கற?" என்றாள் ரேணுகாம்பாள்.

"மருந்துமா. சீரியம்னு ஒரு உப்பு கலந்திருக்குது."

"உப்பா? வெந்த உடம்புல உப்பு வெக்கிறியே, நீ சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் பிரஷர்மா. உப்பே கெடையாது."

கட்டிலில் சந்தியா சிரிக்கப் பார்த்தாள். "அவர உடுமா. எரியவே இல்ல."

(வெந்த தோலில் ஊறும் நச்சை இந்த உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். தோல் மஞ்சளாகி, உலர்ந்து, ஓடுபோல இறுகும். அறுவை செய்யும்வரை கிருமிக்கு அதுதான் சாத்திய கதவு.)

"ரெண்டு நாள்ல கெட்டியாவும். பயந்துக்காதமா. அதுமேல நீ"

அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

(கூப்பிட்டது நான்தான். கதைக்கு அது வேண்டியிருந்தது.)

4

தறிக்குப் போகுமுன் பட்டுநூல் பசையோடு விறைப்பாக வரும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை வேகவைத்துப் பசையை எடுப்பது ரேணுகாம்பாளின் வேலை. பிறகுதான் நூல் இளகும், பளபளக்கும். விறைத்தது இளகவேண்டும் என்பது அவள் கைகள் கற்ற நியாயம்.

மூன்றாம் நாள், "இறுக்குதுமா" என்றாள் சந்தியா.

மத்தியானம், பிளாஸ்கிலிருந்த வெந்நீரை ஆறவைத்து, துவைத்த வேட்டித் துணியை நனைத்து, ரேணுகாம்பாள் அந்த மஞ்சள் ஓட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். ஓரம் இளகி எழும்பியது. ஓர் இழையும் அறாதபடி நூலைப் பிரிப்பதுபோல, மெதுவாக.

"இப்ப எப்டிக்கீது கண்ணு?"

"சொகமா இருக்குதுமா."

இரவே காய்ச்சல் கண்டது.

(சின்னச் சின்ன அன்பால்தான் உலகம் நிற்கிறது என்று நம்பி எழுதுகிறவன் நான். இதை எழுதிவிட்டு பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன். கேட்க ஒன்றுமே தோன்றவில்லை.)

5

ஒரு முடிவு: சந்தியா பிழைக்கிறாள். எழுதிப் பார்த்தேன். பொய் என்று எனக்கே தெரிந்தது.

இன்னொன்று: பெரிய டாக்டர் வந்து ரேணுகாம்பாளைத் திட்டுகிறார். அவள் பாடம் கற்கிறாள். யாருக்காக?

ஆகவே சந்தியா இறந்துவிட்டாள்.

வராந்தாவில் ரேணுகாம்பாள் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்டோபர் எதிரே நிற்கிறான்.

"தம்பி. நான் தொட்டதாலயா?"

ஆழமான காயம்; தொடாவிட்டாலும் காய்ச்சல் வந்திருக்கலாம். தொட்டதாலும் வந்திருக்கலாம். இரண்டும் அவனுக்குத் தெரியும். தான் முடிக்காமல் போன வாக்கியமும் தெரியும். பொய் சொல்லலாகாது என்று கேட்டு வளர்ந்தவன் அவன். நானும்தான்.

அவன் வாயில் ஒரு சொல்லும் நான் வைக்கப்போவதில்லை. வாசகரே, அவன் நிற்கும் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். இந்தமுறை அடுத்த கட்டிலிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"உன்னத்தான் கேக்கறேன், சொல்லுபா."