கார்வன் ஆற்றின் ஒரு கோடை

1991 பெப்ரவரியில் தவநாயகி, விம்பிள்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய பொறியியல் ஆலோசனைக் கந்தோரில் வரைபடம் கீறும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவள் பொறியியலாளர். லண்டனுக்கு வந்து ஐந்து வருடங்களாகியும் அந்தப் பட்டத்தைப் பற்றி இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

அந்த மாதம் அவளுடைய மேசைக்கு வந்தது ஒரு நீர்மின் நிலையத்தின் வேலை. ஸ்கொட்லாந்தின் வடக்கே கார்வன் என்ற ஆற்றில் கட்டப்போகிறார்கள். பெரிய அணை கிடையாது. ஓடிவரும் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாய்க்குள் திருப்பி, கீழே மின்சாரம் எடுக்கும் சில்லைச் சுழற்றிவிட்டு, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். தேக்கிவைக்க வழியில்லாதபடியால் ஒவ்வொரு நாளும் ஆறு எவ்வளவு கொண்டுவரும் என்பதிலேயே எல்லாம் தங்கியிருந்தது. கரையில் நட்டிருந்த அளவுகோலை அங்குள்ள எஸ்டேட் ஊழியர் ஒருவர் தினமும் காலையில் பார்த்து எழுதிய பத்து வருடப் பதிவுகளை, பிரிவுத் தலைவி கத்தரின் கொண்டுவந்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள் இதை வரைந்து தரவேண்டும்."

தவநாயகி வருடம் வருடமாகக் கீறிக்கொண்டு போனாள். 1984 ஜூனில் கை நின்றது. அதற்கு முந்தைய கோடைகளில் ஆறு சில வேளை மூன்று நாள், நான்கு நாள் ஒரே அளவில் கிடந்தது. பிறகு ஒரு மழைக்குத் திடீரென்று ஏறியது. இந்தக் கோடையில் ஒரு நாளும் முந்தின நாளைப் போல இல்லை. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, நல்ல பிள்ளை போல நடந்துகொண்டது. உண்மையான ஆறு அதே அளவில் நிற்பதற்குக் கூசாது. மனதிலிருந்து எழுதுகிறவர்தான் அதே எண்ணை மறுபடி எழுதக் கூசுவார். பக்கத்துப் பள்ளத்தாக்கின் மழைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை இல்லை என்றே சொல்லலாம்.

அன்று பின்னேரம் கணவன் யோகலிங்கத்திடம் சொன்னாள். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே கேட்டான்.

"உமக்கேன் இந்த வில்லங்கம்? கோடு கீறுறதுதானே உம்மட வேலை?"

"தண்ணி இருக்கெண்டு நம்பி ரெண்டு மெஷின் போடப்போகினம். கோடையில ரெண்டும் சும்மா நிக்கும். இல்லாட்டி இருக்கிற தண்ணி முழுக்கக் குழாய்க்குள்ள போய், ஆறு கல்லாக் கிடக்கும்."

"கேட்டால் சொல்லும். கேக்காமல் போய்ச் சொல்லாதையும்."

அடுத்த நாள் கேட்காமலே போய்ச் சொன்னாள். கத்தரின் ஆற்றுப் பதிவையும் மழைப் பதிவையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"மழை குறைவு, சரி. ஆனால் இது கற்பனை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

தவநாயகி 1984 கோடையின் தாளில் விரலை வைத்தாள்.

"நானும் இப்படி எழுதியிருக்கிறேன்."

1985இல் வன்னியில் ஒரு ஆற்றின் பதிவுகள் அவள் பொறுப்பில் இருந்தன. அளவு பார்க்கிற செபமாலைமுத்து, போகிற பாதையில் துப்பாக்கிச் சூடு விழுந்த பிறகு அங்கே போகவில்லை. போகச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. ஆனால் மாதம் தவறாமல் மேலிடத்துக்கு எண்கள் போகவேண்டும். பழைய வருடங்களைப் பார்த்து, மேசையில் இருந்தபடியே ஏழு மாதம் அவள் எழுதினாள். நம்பும்படியாகத்தான் எழுதினாள். நினைக்கும்போது அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

கத்தரின் தொலைபேசியை எடுத்து எஸ்டேட்டின் எண்ணைச் சுழற்றி, மக்கே என்ற அந்த ஊழியரைக் கூப்பிடச் செய்து, தவநாயகியிடம் நீட்டினாள்.

"நீங்களே பேசுங்கள்."

1984 கோடையில் ஆறு எப்படி இருந்தது என்று தவநாயகி கேட்டாள்.

"ஆஸ்பத்திரி அறுபது மைல் தூரம்," என்றார் அவர். "மனைவி அங்கே இருந்தாள். செப்டெம்பரில் அவளை அடக்கம் செய்தோம். நான் திரும்பிவந்து எழுதினேன்."

"இடையில் ஒருநாளாவது ஆற்றைப் பார்த்தீர்களா?"

"ஆகஸ்டில் ஒருமுறை, உடுப்பு எடுக்க வந்தபோது. பாலத்துக்குக் கீழே கல்லுக்குக் கல் நடந்து கடந்தேன். சப்பாத்து நனையவில்லை." பிறகு, "என் பெயரை எழுதப்போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றாள் தவநாயகி. அப்படிச் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் கத்தரினிடம் சொன்னாள். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

அந்தக் கோடையின் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல, கணக்கில் சேர்க்கப்படவில்லை; மழைப் பதிவின்படி ஆறு அப்போது வற்றிக் கிடந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி அறிக்கையில் போயிற்று. யாருடைய பெயரும் இல்லை. கட்ட வந்தவர்கள் கோபித்தார்கள். வேலையையே கைவிடப்போவதாக இரண்டு மாதம் மிரட்டினார்கள். கடைசியில் ஒரு மெஷின் போதும் என்றும், ஆற்றுக்கென்று ஒரு பங்கு எப்போதும் விடப்படும் என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

அறிக்கை போன வாரமே தவநாயகி ஊரிலுள்ள தன் பழைய மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரையான அளவுகள் அளந்து எழுதியவை அல்ல, தயவுசெய்து நீக்கிவிடவும் என்று. யோகலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"இப்ப எழுதி என்ன? அந்தக் கந்தோர் இருக்கோ, எரிஞ்சுபோச்சோ."

"இருந்தால்? ஆரும் அதை நம்பி ஒரு பாலத்தைக் கட்டிப்போட்டால்?"

"ஆறு வருஷமா எனக்கே சொல்லேல்லையே நீர்."

"சண்டைக்குள்ள ஆர் இதைப் பாக்கப்போகினம் எண்டு நினைச்சன். ஆனால் நான் பிழைச்சு வந்திட்டன். அந்த எண்கள் அங்கயே இருக்கு."

அவன் கடிதத்தை உறையில் போட்டு நக்கி ஒட்டினான். வேலைக்குப் போகிற வழியில் தானே தபாலில் சேர்த்தான். பதில் வரவில்லை.

கார்வன் நிலையம் 1994இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடமே கத்தரின் தவநாயகியின் பட்டச் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்து, ஆற்றுக் கணக்குகளை அவளிடம் ஒப்படைத்திருந்தாள். 1995 ஆகஸ்டில் தண்ணீர் குறைந்து மெஷினைப் பத்தொன்பது நாள் நிறுத்தவேண்டி வந்தது. அங்கிருந்து தொலைபேசியில் பேசியவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாலத்துக்குக் கீழே மீன் நிற்கிறது என்று மட்டும் சொன்னார்.