பொன்ராஜின் செட்டப்பு

எங்கள் எர்ணாவூர் பக்கம் ஒருத்தன் செட்டப்பு வைத்திருக்கிறான் என்றால், வேறு ஒருத்தியை வைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். மீன் விற்க வந்த குப்பம்மா கூடையை இறக்கிவிட்டு அந்த வார்த்தையைத்தான் சொன்னாள்.

"ரேகா, மனச வுட்றாத. உன் வூட்டுக்காரு செட்டப்பு வெச்சிகீறாராம். அந்த ஷாகுல் ஹமீது புதுசா வாங்கின செல்லுல பேசிகினு இருந்தாரு. 'பொன்ராஜ் செட்டப்பு சோக்கா கீது, வந்து பாரு'ன்னு. என் காதால கேட்டேன்."

என் புருஷன் பொன்ராஜ் கன்டெய்னர் ரிப்பேர் யார்டில் வெல்டர். ஷாகுல் அவனுக்குத் தோஸ்து. எட்டு மாதமாக ஞாயிறு விடிந்தால் திருவொற்றியூரில் இருக்கிற ஷாகுல் ஷெட்டுக்குப் போய்விடுவான். கேட்டால் "சொம்மா ஒரு வேலை" என்பான். நானும் பைத்தியக்காரி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன். சட்டையில் பெயின்ட் வாசனை. பாக்கெட்டில் பூப்போட்ட திரைத்துணியில் வெட்டிய ஒரு துண்டு. சைக்கிள் கேரியரில் புதுத் தலையணை கட்டிக்கொண்டு போனதைக் கொழுந்தன் பார்த்திருக்கிறான். எங்கள் ஒற்றை ரூமில் ஏழு பேருக்கு நாலு தலையணை. அவளுக்கு மட்டும் புதுசா?

"இன்னாயா, பொண்டாட்டி புள்ளைங்க கண்ணுக்குத் தெர்லயா?" என்று கேட்டே விட்டேன்.

"பொறுமே, முடிஞ்சதும் காட்டறேன்" என்று சிரித்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு கர்வமாகச் சிரித்ததில்லை. காட்டுகிறானாம், கொழுப்பைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கே போனேன். அங்கே பெண் வாடையே இல்லை. பொன்ராஜ் மண்டிபோட்டு உப்புத்தாளால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு குட்டி வீடு. கதவு, ஜன்னல், அதே பூப்போட்ட திரை.

"வாம்மா தங்கச்சி! செட்டப்பு எப்டி கீது?" என்றார் ஷாகுல்.

அடப்பாவி, இதுவா செட்டப்பு!

"வெள்ளக்காரன் ஒருத்தன் இப்டி ஒண்ண ஹார்பர்ல எறக்கினான்" என்றான் பொன்ராஜ். "கார் பின்னால மாட்டிகினு போயி, புட்ச்ச எடத்துல படுத்துக்கலாம். நாமளே கட்டினா இன்னான்னு தோணிச்சி. ஷாகுல் வண்டில மாட்டிகினு பழவேற்காடு போலாம்."

கதவு இடைவெளி சரியாக வராமல் மூன்று தடவை கழற்றி மாட்டினானாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தானாம். என் விரலைப் பிடித்து ஒரு மூலையில் தடவவைத்தான்.

"ஒட்டு எங்க கீது, சொல்லு பாப்போம்."

விரலுக்கு ஒட்டே தட்டுப்படவில்லை. பெருமையாக இருந்தது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அப்புறம்தான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு படுக்கை. இரண்டடி அகலம் இருக்கும். ஒரே ஒரு தலையணை.

"யோவ், நான் எங்க படுக்கிறது?"

எட்டு மாதம் அங்குலம் அங்குலமாக அளந்தவன், அந்தப் படுக்கையை இப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"ஏழு பேரு ஒரே ரூம்ல... ஒரு நாளாச்சும் தனியா கால நீட்டித் தூங்கணும்னு..." தலையைக் குனிந்துகொண்டான். "உன்ன நெனக்கவே இல்ல ரேகா."

பொய்கூடச் சொல்லத் தெரியாத ஆள். எவளாவது இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். இங்கே யாரை இழுப்பது? அழுகை முட்டியது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று உள்ளே ஏறித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

படுத்தேன். காலை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் யார் மேலும் படாமல் என் கால் நீண்டது அன்றைக்குத்தான். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. புருஷன், பிள்ளைகள், யாருமே நினைப்பில் இல்லை.

"ரேகா, அய்வுறியா?" வெளியிலிருந்து அவன் கதவைத் தட்டினான்.

"இல்லயா, தூங்கறேன்" என்றேன். "எயுப்பாத."