ஆட்டுத்தலையும் ஸ்னைப்பர் துப்பாக்கியும்

மேரிமின் கையில் ஒரு கோளாறு உண்டு. கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நல்ல பொருள் எது கிடைத்தாலும் அது தானாகத் தாலாய் அண்ணனிடம் போய்விடும். பிஷ்கெக்கில் உட்கார்ந்து மூன்று பேர் அணிக்குத் தலைமை தாங்குகிறவள் அவள். நாரினில் வேன் ஓட்டும் தாலாய்தான் அணியில் மூத்தவர். கிர்கிஸ் விருந்தில் ஆட்டுத்தலையை மூத்தவர் முன்னால்தானே வைப்போம்? அதைப் பார்த்து வளர்ந்த கை, மவுஸைப் பிடித்ததும் மாறிவிடுமா என்ன?

ஆட்டத்திலும் தாலாய் ஜீப் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். துப்பாக்கியைக் கொடுத்தால் மரத்தைத்தான் சுடுவார். ஓஷிலிருந்து ஆடும் ஜிபருக்கோ குறி தப்பியதே இல்லை. அவள் கையில் வெறும் பிஸ்டல். வேறோர் அணி அவளைக் கூப்பிட்டிருந்தது.

"இன்னிக்கும் தோத்தா நான் கிளம்பிடுவேங்க்கா. கோவிச்சுக்காத," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மேரிமுக்கு இவளை விட மனமில்லை. அண்ணனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் நாக்கு எழவில்லை. தலைவியாம் தலைவி!

மதியம் ஆட்டம் தொடங்கியது. பாழடைந்த வீட்டு மச்சில் அருமையான ஸ்னைப்பர் துப்பாக்கி கிடைத்தது. மேரிம் அதைக் கொண்டுபோய்த் தாலாய் காலடியில் போட்டாள். ஹெட்போனில் ஜிபரின் பெருமூச்சு கேட்டது. எதிரே மேட்டில் கடைசி எதிரணி பதுங்கியிருந்தது. தாலாய் சுட்டார். மரம் அதிர்ந்தது.

"அண்ணே, விருந்துல தலை உங்க கைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மேரிம்.

"குண்டு பறக்குற நேரத்துல கேக்குற கேள்வியா இது? அறுத்துப் பங்கு வைப்பேன். காதைச் சின்னப் பிள்ளைக்குக் குடுப்பேன்."

"சின்னப் பிள்ளை உங்க பக்கத்துலதாண்ணே நிக்குது."

தாலாய் சுடுவதை நிறுத்தினார். அவ்வளவுதான், அண்ணன் மனசு நொந்துவிட்டது என்று மேரிம் பயந்தே போனாள். அப்போது துப்பாக்கி ஜிபர் முன்னால் விழுந்தது.

"இந்தாடி, காது. இனிமேலாவது பெரியவங்க பேச்சைக் கேளு."

"கேக்குறேண்ணே. முதல்ல குனிங்க, உங்க மண்டை மறைக்குது!"

தாலாய் குனிந்தார். மேட்டில் ஒருவன் சாய்ந்தான், அடுத்து இன்னொருவன். மூன்றாமவன் ஓடப் பார்த்தான். தாலாய் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய் அவன் மேலேயே ஏற்றினார். ஜெயித்துவிட்டார்கள்! மேரிம் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள்.

ஆரவாரம் அடங்கியதும் தாலாய் தொண்டையைச் செருமினார்.

"மேரிம், ஒண்ணு சொல்லட்டுமா? அந்தத் துப்பாக்கின்னாலே எனக்கு உதறல் தாயி. எப்படா வேற யாருக்காவது குடுப்பேன்னு இருந்தேன்."

"அடப்பாவமே! வேணாம்னு சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நீ மரியாதையா தலையைக் கொண்டாந்து வைக்கிறே. வேணாம்னு எப்படிம்மா தள்ளுறது?"

மூவரும் சிரித்த சிரிப்பில் யார் குரல் எது என்றே தெரியவில்லை. முதலில் நிறுத்தியது ஜிபர்தான்.

"சரி சரி, அடுத்த ஆட்டத்தைப் போடுக்கா. அண்ணே, ஜீப்பைத் திருப்புங்க."