நாற்று விளக்கு

"தப்பா எழுதாதீங்க டாக்டர்!" ரிம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்த பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். "மூணு நாளாச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? நேத்து சாயங்காலம்கூட எங்கப்பா இருந்தாரு. நான் பார்த்தேன்."

"வந்து பார்த்தீங்களா?"

"எங்க வீட்டு ஜன்னல்லேருந்து. இதோ, எதிர்ல. இந்த விளக்கு எரிஞ்சுது."

"இன்னிக்குச் செவ்வாய். நாள்காட்டி கிழிக்காம சனிக்கிழமையோட நிக்குதும்மா. உடம்பும் அதைத்தான் சொல்லுது."

தரையில் போர்வைக்குள் அவள் அப்பா ஆர்காதி கிடந்தார். பக்கத்தில் ஜன்னல் பலகை நிறைய தயிர் டப்பாக்கள், டப்பாக்களில் தக்காளி நாற்று, மேலே ரோஜாவும் ஊதாவும் கலந்த விளக்கு. மார்ச் மாதத்தில் வடக்கு ரஷ்யாவின் பெட்ரோஸாவோத்ஸ்க் நகரத்து ஜன்னல்களில் பாதி இப்படித்தான் இருக்கும். வெளியே முழங்கால் பனி. ஆர்காதி நாற்று விஷயத்தில் கறார். தூரத்து வெளிச்சத்தில் அது நோஞ்சானாக நெடுநெடுவென்று வளரும் என்று, விளக்கை நாலு விரல் உயரத்திலேயே மாற்றி மாற்றிக் கட்டுவார். காலையில் பல் தேய்க்கும் முன்பே ஒவ்வொன்றின் தலையையும் உள்ளங்கையால் தடவுவார். அப்போதுதான் தண்டு தடிக்குமாம். பெற்ற மகளை ஒருநாள் இப்படித் தடவியதுண்டா என்று ரிம்மா குத்திக்காட்டுவாள்.

அவள் தினமும் போன் பண்ணுவது அவருக்குப் பிடிக்காது. "உசிரை வாங்காதடி. காலையில விளக்கைப் போடுவேன், ராத்திரி எட்டு மணிக்கு அணைப்பேன். அது நடந்தா கிழவன் இருக்கான்னு வச்சுக்கோ" என்றிருந்தார். மூன்று நாளும் விளக்கு சொன்னபடி எரிந்தது, சொன்னபடி அணைந்தது. இன்று, நோன்புக்கு முந்தைய வெண்ணெய் வாரப் பண்டிகைக்கான அப்பம் சுட்டுக்கொண்டு வந்தவள், மணியடித்துப் பார்த்துவிட்டுத் தன் சாவியால் கதவைத் திறந்தாள்.

"அவரை விட்டா இதைப் போட யாரு இருக்கா? சொல்லுங்க!"

வாசலில் நின்ற அவள் கணவன் க்ளெப் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ரிம்மா, ஒரு நிமிஷம்..."

"நீ சும்மா இரு."

சுவரோரம் டக்கென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே விளக்கு அணைந்தது. மணி எட்டு.

"வெள்ளிக்கிழமை மாட்டினேன்" என்றான் க்ளெப். "அணைக்க மறந்துடறேன், இலை சுருளுது, தானா போட்டு அணைக்கறது ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ளன்னு மாமாதான் கேட்டாரு. உங்கிட்ட சொல்லணும்னு தோணல."

டாக்டர் அறை விளக்கைப் போட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் நாற்றெல்லாம் டப்பா விளிம்பில் துவண்டு கிடந்தது. ரிம்மா எதிரே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். மூன்று சாயங்காலமும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக சூப் குடித்திருக்கிறாள்.

"விழுந்ததுமே போயிட்டாரா டாக்டர்?"

"ஒரு நிமிஷமோ, ஒரு நாளோ. சொல்ல முடியாதும்மா."

க்ளெப் ஒரு கூஜா தண்ணீரைக் கொண்டுவந்து முதல் டப்பாவில் ஊற்றினான். டப்பா வழிந்தது. தண்ணீர் பலகையில் ஓடித் தரையில் சொட்டியது. அவன் அதே டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

ரிம்மா குனிந்து, போர்வையின் ஓரம் நனையாமல் உள்ளே இழுத்துவிட்டாள்.