பன்னிரண்டு பசு, இருபது எருமை

போட்ட தோட்டா துப்பாக்கிக் குழலின் பின்வாயில் நிற்கவில்லை. ஆதிகேசவன் விரலை எடுத்ததும் சர்ரென்று நாலு விரல் தூரம் உள்ளே சறுக்கிப் போய், எங்கேயோ இறுகி நின்றது. அந்தச் சத்தம் சுவரோரம் உட்கார்ந்து தோல் துண்டில் தோட்டாவுக்குத் தக்கை வெட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி எல்லம்மாவுக்குக் கேட்டது. துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவனுக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அவன் கண்ணும் காதும் அவள் முகத்தில் இருந்தன, அவள் பயப்படுகிறாளா என்று பார்க்க. பார்த்துக்கொண்டே துப்பாக்கியை நிமிர்த்தி மூடினான்.

"உங்க அண்ணன் எருமை மாதிரி இருக்கான் இல்ல? எருமைக்கு எருமைத் தோட்டா. சாயபு பெட்டியிலேர்ந்து எடுத்தாந்தேன். இருவது நம்பரு."

"அது இந்தக் குழலுக்கு ஆவாதுய்யா. இருவதுன்றது சின்னது."

அவன் சிரித்தான். ஆம்பூரில் பாலாற்றங்கரை மண்டியில் பத்து வருஷம் தோலை எடைபோட்டு முத்திரை குத்தியவன் அவன். எட்டு ராத்தல் தோலுக்கு எட்டு, அது கன்று. பன்னிரண்டு என்றால் பசு. இருபது என்றால் எருமை. நம்பர் ஏற ஏறத் தோல் கனக்கும் என்பது அவனுக்கு வேதம். மண்டி முதலாளி அப்துல் கஃபார் சாயபு அவனைக் காவலுக்கு மாற்றி, உலரப் போட்ட தோலைக் கடித்து இழுக்கும் நாய்களைச் சுட ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அதன் மேல் பன்னிரண்டு என்று வெட்டியிருந்தது. பசுத் துப்பாக்கி என்று அன்றே பெயர் வைத்துவிட்டான்.

சுடுவது அவன். மற்றதெல்லாம் எல்லம்மா. குழலுக்கு எண்ணெய் போடுவது, காலித் தோட்டாவில் மருந்து அடைப்பது, மேலே தோல் தக்கை வைத்து அமுக்குவது எல்லாம் அவள் வேலை. சாயபுவின் மற்றத் துப்பாக்கிகளுக்கும் அவள்தான் அடைத்தாள், அதை ஊருக்குத் தன் கைவேலை என்று அளந்தவன் அவன். திமிரிப் பக்கம் ஏரியில் தாரா வாத்து சுட சாயபு வைத்திருந்த எட்டு நம்பர் துப்பாக்கியைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். கவுதாரிக்கு வைத்திருந்த இருபது நம்பர் ஊதுகுழல் மாதிரி இருக்கும். தோட்டத்து அணிலுக்கு முப்பத்திரண்டு, அதில் சுண்டுவிரல்கூட நுழையாது. ஒவ்வொன்றுக்கும் தக்கை வெட்ட ஒரு வட்ட உளி. எட்டு நம்பர் உளிதான் எல்லாவற்றிலும் பெரியது. இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று அவள் ரொம்ப நாள் குழம்பினாள். பன்றி வேட்டைக்காக ஈயம் காய்ச்சி உருண்டை பிடித்த அன்று விளங்கிவிட்டது. ஒரு ராத்தல் ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டை பன்னிரண்டு வந்தது. அப்படியானால் இருபது வருகிற உருண்டை சின்னதாகத்தானே இருக்கும்? வீட்டில் களியைப் பங்கு போட்ட எந்தப் பெண்ணுக்கும் தெரிகிற கணக்கு. பங்கு கூடினால் கவளம் சிறுக்கும்.

அதைத்தான் சொல்ல வந்தாள். பேச்சு எடுபடாது என்று தெரிந்து, பன்னிரண்டு நம்பர் தக்கையின் மேல் இருபது நம்பர் தக்கையை வைத்து நீட்டினாள். "நீயே பாரு. இன்னா வித்தியாசம்னு."

அவன் பார்க்கவில்லை. இடது கையால் அவள் கொண்டையைப் பற்றித் தூக்கினான், எப்போதும் போல. வலது கையால் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"முத்திரை அடிச்சவனுக்கு நீ நம்பர் சொல்லித் தர்றியாடி?"

துப்பாக்கியை ஈரம் இறங்காமலிருக்க வாய் கீழே பார்க்க ஆணியில் மாட்டினான். தோட்டா வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டுச் சாராயக் கடைக்குப் போனான். தைரியம் வாங்கத்தான். வேறெதற்கு?

அன்று வெள்ளிக்கிழமை, மண்டிக்கு விடுமுறை. சாயபுவும் மற்றவர்களும் குளித்துப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டிருப்பார்கள். அதனால்தான் அவள் அண்ணன் ரத்தினசாமி வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். கணியம்பாடியிலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரனிடம், பகல் ரயிலில் வந்து தங்கச்சியைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்த மடையன் அதை அவள் காதில் சொல்லாமல் ஆதிகேசவன் காதில் சொல்லிவிட்டுப் போனான். ஆடி மாதத்தில் ஆதிகேசவன் உதைத்த உதையில் அவளுக்கு நாலு மாதக் கரு கலைந்தது. அதைக் கேள்விப்பட்டு வந்த ரத்தினசாமி, சாராயக் கடையில் பத்துப் பேர் பார்க்க மச்சானைச் செருப்பால் அடித்தான். அடுத்த தடவை ஆற்று மணலில் கால் வைத்தால் பிணமாகத்தான் போவான் என்று அன்றே ஆதிகேசவன் சொன்னான். சொன்னதைச் செய்கிறவன்தான், கெட்டதாக இருந்தால்.

எல்லம்மா விரலைத் துணியால் சுற்றினாள். வலி தோள்வரை ஏறியது. மூலையில் குழல் துடைக்கிற கோல் சாத்தியிருந்தது. வாய்ப்பக்கமாக விட்டு ஒரு குத்துக் குத்தினால் உள்ளே இறுகியிருக்கும் தோட்டா வந்து விழுந்துவிடும். மழையில் ஊறி உப்பிய காகிதத் தோட்டா, அவ்வளவுதான். எடுத்துவிட்டால்? வாரில் பன்னிரண்டு நம்பரில் ஈய உருண்டை போட்ட தோட்டா மூன்று இருக்கிறது. அவளே பன்றிக்கு என்று அடைத்தது. அதில் ஒன்று அண்ணன் நெஞ்சில் பாயும். எடுக்காவிட்டால்? உள்ளே ஒன்று இருக்க, பின்னால் இன்னொன்று போட்டுச் சுட்டால் குழல் தாங்காது. அதையும் சாயபு சொல்லக் கேட்டிருக்கிறாள். துப்பாக்கியையே ஒளித்து வைத்தால் தோல் உரிக்கும் கத்தி இருக்கிறது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பக்கத்து வீட்டு மரியம்மாள் சொல்வாள். கல்யாணம் ஆன புதிதில் பாலாற்றில் இடுப்பளவு வெள்ளம். அவனுடைய அந்த இடது கைதான் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்து அக்கரை சேர்த்தது. அது பொய் என்று அவளால் சொல்ல முடியாது. அவள் எழுந்து கோலைக் கையில் எடுத்தாள். எடுத்து, அப்படியே நின்றாள்.

நாதாங்கி சத்தம் கேட்டதும் கோலைச் சாத்திவிட்டாள்.

"வந்துட்டான். டேசன்லேர்ந்து எறங்கி மணல்ல வர்றான்," என்றான் ஆதிகேசவன். வாயில் சாராய நெடி. துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்தான். தோட்டா இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"தோட்டா எங்கடி?"

அவள் துணி சுற்றிய விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ எடுத்தியா?"

நாலு வருஷமாக அவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையைச் சொல்லி அடி வாங்கியவள் அவள். காலையில்கூட உண்மையைத்தான் சொன்னாள். விரல் துணிக்குள் விண்விண்ணென்று தெறித்தது.

"எடுத்துட்டேன்," என்றாள்.

கன்னத்தில் ஓர் அறை விட்டான். தேட நேரமில்லை. வாரிலிருந்து பன்னிரண்டு நம்பர் தோட்டாவை உருவிப் போட்டு மூடினான். "பசுவே போதும் அவனுக்கு," என்று சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

அவளும் பின்னால் ஓடினாள். சுண்ணாம்புத் தொட்டிகளைத் தாண்டினால் கரை. வெயிலில் ஆற்று மணல் கண்ணைக் கூச வைத்தது. நடு மணலில் ரத்தினசாமி தலையில் துண்டோடு, கையில் ஒரு பையோடு வந்துகொண்டிருந்தான். பையில் அவளுக்குக் கடலை உருண்டை இருக்கும், எப்போதும் வாங்கி வருவான். ஆதிகேசவன் கரை மேட்டில் காலை அகட்டி நின்று துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். இடது கை குழலை அடியில் தாங்கிப் பிடித்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், வெள்ளத்தில் அவளைப் பிடித்த கை. இதற்குத்தானே பொய் சொன்னாய் என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"சுடாதய்யா. நான் எடுக்கல. தோட்டா உள்ளதான் இருக்குது. கொழல் வெடிச்சிரும்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணனுக்காவ இன்னா வேணா சொல்லுவ நீ," என்றான். குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையை அமுக்கினான்.

வெடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மோதித் திரும்பி வந்தது. மண்டி ஓட்டின் மேலிருந்த பருந்துகள் மொத்தமாக எழுந்தன. குழல் நடுவில் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. ஆதிகேசவன் மணலில் மல்லாந்து கிடந்தான். இடது மணிக்கட்டுக்குக் கீழே கை இருந்த இடத்தில் எலும்பும் சதையும் தொங்கின. கழுத்திலும் கன்னத்திலும் இரும்புச் சில்லுகள். இரத்தம் மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது.

ரத்தினசாமி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் வந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் கை சும்மா இருக்கவில்லை. முந்தானையைக் கிழித்து ஆதிகேசவன் முழங்கைக்குக் கீழே சுற்றி இறுக்கினாள்.

"உடு எல்லம்மா. சாவட்டும்," என்றான் ரத்தினசாமி, மூச்சு வாங்க.

அவள் விடவில்லை.

ஆதிகேசவன் உதடு அசைந்தது. "எடுத்துட்டேன்னு சொன்னியேடி."

"சொன்னேன். அப்பால இல்லன்னும் சொன்னேன். காலையில இருவது சின்னதுன்னும் சொன்னேன்."

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் தொப்பியோடு அப்துல் கஃபார் சாயபு. பிளந்த குழலைப் பார்த்தார். மணலில் நசுங்கிக் கிடந்த தோட்டாவின் பித்தளை மூடியைக் குனிந்து எடுத்து, விரலால் துடைத்து, நம்பரைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"பன்னெண்டுல இருவதா? ஆதிகேசவா, இத யாரு போட்டது? உள்ள இருக்கறது தெரியாமலா சுட்டே?"

ஆதிகேசவன் சாயபுவைப் பார்க்கவில்லை. எல்லம்மாவையே பார்த்தான். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒடிந்த விரல் மடங்க மறுத்தது, துணி விட்டு விட்டு நழுவியது. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் இரத்தம் குபுக்கென்று வந்தது.

"இத அமுக்கிப் புடி," என்றாள்.

அவன் மிச்சமிருந்த கையைக் கொண்டுவந்து, முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்தான். அவளுடைய வீங்கிய விரல் அதன் அடியில் இருந்தது. அவன் அமுக்கினான். வலியில் அவள் கண் இருண்டது. கையை எடுக்கவில்லை. இதை யார் போட்டது என்று சாயபு மறுபடியும் கேட்டார்.