மூடுபனிக்குள் எண்ணியவர்கள்

அக்டோபரில் சீல் என்கிற கடல்நாய் பிடிக்க வடக்கே போயிருந்தோம். நான், என் கணவன் போவாஸ், அவன் தம்பி நாத்தான். மிஷன் ஊரான ஹெப்ரானில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வந்து பல நாள் ஆகியிருந்தது. அந்த விரிகுடாவில் மரம் கிடையாது, வீடு கிடையாது. எங்கள் கூடாரத்தைத் தவிர அந்தக் கரையில் மனித வாடையே இல்லை. உலகமெல்லாம் சண்டை நடக்கிறது என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். எங்களைப் பொறுத்தவரை சண்டை என்றால் மாவு விலை ஏறியது, அவ்வளவுதான்.

அன்று காலையில் எங்கள் வண்டி இழுக்கும் நாய்களிடம் சத்தமே இல்லை. மீன் போட்டும் தொடவில்லை. எல்லாம் எதிர்க்கரை முனைப் பக்கம் திரும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் மேல் பனி மூட்டம் கனமாகக் கிடந்தது. ஒருமுறை அது விலகியபோது விரிகுடாவின் நடுவே நீளமாக, கறுப்பாக ஒரு பாறை தெரிந்தது.

"அங்க பாறை இருந்துச்சா?" என்றேன்.

நாத்தான் சிரித்தான். "வலை விரிக்கிற எடத்துல பாறை இருந்தா என் வலை என்னைக்கோ கிழிஞ்சிருக்கும் அண்ணி. நீ இன்னும் தூக்கத்துல இருக்க."

போவாஸ் சிரிக்கவில்லை. அவனும் பார்த்துவிட்டான். மறுபடி மூட்டம் மூடிக்கொண்டது.

"எண்ணெய் நாத்தம் அடிக்குது," என்றான். "நீயும் நானும் போய் வலையை எடுத்துட்டு வந்துடுவோம். நாத்தான், நீ நாய்ங்களப் பாத்துக்கோ."

சின்னப் படகில் கரையோரமாகவே துடுப்புப் போட்டோம். எதிர்முனையை நெருங்கியபோது மேலே குன்றில் இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. போவாஸ் துடுப்பை நிறுத்தினான். படகு தானாக நகர்ந்தது. அப்போதுதான் ஆண்களின் குரல் கேட்டது. ஏதோ பாரத்தைத் தூக்குகிறவர்கள் மூச்சுப் பிடித்துச் சேர்ந்து எண்ணுகிற குரல்.

"ஐன்ஸ்... ஸ்வாய்... த்ராய்."

பிறகு பாரம் தரையில் இறங்கும் சத்தம். மறுபடியும் ஐன்ஸ், ஸ்வாய், த்ராய்.

அவை எங்கள் எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மிஷன் பாதிரிமார் எங்கள் முன்னோருக்குக் கற்றுத்தந்தவை. எங்கள் மொழியில் அத்தனை எண் இல்லாததால் அவற்றையே வைத்துக்கொண்டோம். கடைக்காரர் வேறு விதமாக எண்ணுவார், மீன் பிடிக்க வரும் தெற்கத்தியாரும் வேறு விதமாகத்தான் எண்ணுவார்கள். அந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் இப்படி எண்ணுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்கள் ஆட்கள் வடக்கே வேறு யாரும் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் பிறந்த ஊர் ஓக்காக். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, முந்தைய உலகச் சண்டை முடிந்த சமயம், கப்பலில் ஒரு காய்ச்சல் வந்து இறங்கியது. பெரிய ஆண்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பசித்த நாய்கள் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை. கடைசியில் மிஞ்சிய பெண்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டு, எங்களை அழைத்துக்கொண்டு ஊரை விட்டு வந்தார்கள். அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் அப்பாவும் மற்றவர்களும் பெரிய படகைக் கரைக்கு இழுக்கும்போது இப்படித்தான் எண்ணுவார்கள். இதே தாளம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது.

"அப்பா!" என்று கத்தினேன். "நான் அமாலியா! ஓக்காக்காரங்களா நீங்க?"

எண்ணுவது பாதியில் நின்றது. ஐன்ஸ் மட்டும் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. ஆட்கள் போய்விட்ட அமைதி அல்ல அது. பலர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அமைதி. அவர்கள் எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் தோலில் தெரிந்தது. மேலே யாரோ ஒருவன் இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் ஒருமுறை இருமினான். இளம் குரல்.

போவாஸ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். வலையை எடுக்காமலே திரும்பினோம். வழியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"உனக்கும் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"சரி. எனக்கு மட்டும்தானோன்னு நெனச்சேன்."

மறுநாள் வானம் வெளுத்தது. பாறை இல்லை. நடந்ததைக் கேட்டிருந்த நாத்தான்தான் எதிர்முனைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தான். "செத்தவங்களா இருந்தா நமக்குத் தெரிஞ்சவங்கதானே," என்று கேலி வேறு. குன்றேறியதும் அவன் கேலி நின்றுவிட்டது. என் மார்பு உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் கம்பிகள் இழுத்துக் கட்டிய உயரமான கொடிமரம், கொடி இல்லாமல். சுற்றிலும் பனியில் பூட்ஸ் தடங்கள், ஏராளமாக. அவை எல்லாம் கீழே தண்ணீர் வரை போயின. அங்கே முடிந்தன.

போவாஸ் ஒரு பீப்பாயில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினான். "கனடான்னு போட்டிருக்கு. கனடாக்காரனுக்கு இங்க என்ன வேலை? இது அவன் நாடே கெடையாதே."

அப்போது பீப்பாய்க்குள் ஏதோ 'டக்' என்றது. உள்ளே ஒன்று விழித்துக்கொண்டு சன்னமாக முனகத் தொடங்கியது. கொடிமரத்துக் கம்பிகள் அதனோடு சேர்ந்து அதிர்ந்தன. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதுவே அடங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. நாத்தான் ஒரு கம்பியை அறுத்துக்கொண்டு போக நினைத்திருந்தான். கத்தியை உறையில் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் இறங்கி ஓடினான்.

அன்றே கூடாரத்தைப் பிரித்தோம். சீல் கொஞ்சம்தான் கிடைத்திருந்தது, அந்தக் குளிர்காலம் பசியோடு கழிந்தது. கடைக்காரரிடம் போவாஸ் சொன்னபோது, "கனடான்னு எழுதியிருந்தா அரசாங்கத்தோடது. அதப் போய் நோண்டாதே," என்று சொல்லிவிட்டுத் தேயிலையைக் கட்டிக் கொடுத்தார். எண்ணிய குரல்களைப் பற்றிப் போவாஸ் அவரிடம் சொல்லவில்லை. அந்த விரிகுடாவுக்கு நாங்கள் மறுபடி போகவே இல்லை.

பல வருடம் கழித்து அரசாங்கத்தார் ஹெப்ரான் ஊரையே மூடி எங்களைத் தெற்கே நெயின் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். போவாஸ் அங்கேதான் இறந்தான். எனக்கு எழுபது வயது கடந்த பிறகு ஒரு கோடையில், தெற்கிலிருந்து வந்த ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பேச்சை மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பெண் ரோசீனா கூட வந்திருந்தாள். அந்தக் குன்றில் பழைய இயந்திரம் ஒன்று அகப்பட்டிருக்கிறதாம். சண்டையில் ஜெர்மானியர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ரகசியமாக வைத்துவிட்டுப் போனது. வானிலையைத் தானாக அளந்து கடல் தாண்டி அனுப்புமாம். கனடா என்று எழுதியது கண்டவரை ஏமாற்றவாம். அப்போது யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எண்களைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். குன்றில் எண்ணியவர்கள், எங்கள் பாதிரிமார் எந்த நாட்டிலிருந்து வந்தார்களோ, அதே நாட்டு ஆட்கள்.

"சுத்தி துப்பாக்கியோட காவல் நின்னுருப்பாங்களாம்," என்று ரோசீனா சொன்னாள். "நீங்க உசுரோட வந்தது பெரிய விஷயம்னு சொல்றாரு."

"அவங்க எப்படி இருக்காங்கன்னு கேளு. அதுல ஒருத்தன் சின்னப் பையன். இருமினான்."

அவள் கேட்டாள். அவர் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அடுத்த வருஷமே கெழக்க, ஜாவாவோ என்னமோ, அந்தக் கடல்ல அந்த நீர்மூழ்கிக் கப்பலே அழிஞ்சு போச்சாம். உள்ள இருந்தவங்க ஒருத்தரும் மிஞ்சலையாம்."

அவர் தன் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரோசீனா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப அவங்க பதில் கொடுத்திருந்தா?"

"போயிருப்பேன்," என்றேன். "படகு கரை தொடுற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். தண்ணியில எறங்கியே போயிருப்பேன்."